குதிரையை விட்டு இறங்கிய பிறகு

பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கியாக இருந்து மர்மக் கதை எழுத்தாளரான டிக் பிரான்சிஸ், நாவல் எழுத உட்கார்ந்ததற்குப் பின்னாளில் சொன்ன காரணத்தில் குதிரை எங்கேயும் வராது. வீட்டுக் கம்பளம் நைந்துபோயிருந்தது. கார் ஓடும்போது எங்கிருந்தோ கடகடவென்று ஒரு சத்தம். இரண்டு பையன்களைப் படிக்கவைக்க வேண்டும். பத்திரிகையில் வாரா வாரம் குதிரைப் பந்தயம் பற்றி எழுதி வந்த சம்பளம் இதற்கெல்லாம் எட்டவில்லை. சரி, ஒரு மர்மக் கதை எழுதித்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தார். 1962-இல் 'டெட் செர்ட்' வெளியானது. அதற்கப்புறம் அவர் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை.

பிடித்ததையே தொழிலாக்கிக்கொள் என்று இப்போது ஆளாளுக்கு உபதேசம் செய்கிறார்கள். அவர்கள் இந்த மனிதரை உதாரணம் காட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். குதிரை மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் சந்தேகமில்லை. ஆனால் வெறும் பிரியமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. முதலிலிருந்தே கூலி வாங்கின வேலை. ஐந்து வயதில் அண்ணன் ஒரு பந்தயம் கட்டினான்: கழுதை மேல் வால் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு வேலியைத் தாண்டினால் ஆறு பென்ஸ். தம்பி தாண்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டான். அந்த நிமிஷமே தான் தொழில்முறைக் குதிரைக்காரன் ஆகிவிட்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் அவருடைய எழுத்து முழுவதற்கும் அந்த ஆறு பென்ஸில் ஒரு சாவி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிறந்தது 1920-இல், வேல்ஸின் பெம்புரோக்‌ஷயரில். தாத்தாவுக்குப் பண்ணை. அப்பா ஜாக்கியாக இருந்தவர், பிறகு குதிரை லாயத்தை நிர்வகித்தார். பதினைந்து வயதில் பையன் படிப்பை விட்டான், ஜாக்கி ஆகியே தீருவேன் என்று. ஆனால் உடம்பு ஒத்துழைக்காமல் வளர்ந்துகொண்டே போனது. சமதளப் பந்தயத்துக்கு ஜாக்கி சிட்டுக்குருவி மாதிரி இருக்கவேண்டும். உயரமும் எலும்புக்கனமும் உள்ளவர்களுக்கு மிஞ்சுவது தடை தாண்டும் பந்தயம், ஸ்டீபிள்சேஸ்.

கிண்டியானாலும் ஊட்டியானாலும் நம் பக்கத்து ஆட்கள் பார்த்ததெல்லாம் சமதள ஓட்டம்தான். ஸ்டீபிள்சேஸ் வேறு உலகம். நெஞ்சு மட்டத்துக்கு எழும்பி நிற்கும் வேலிகளை, அரை டன் எடையுள்ள மிருகம் முழு வேகத்தில் வந்து தாண்டவேண்டும். பெரும்பாலும் குளிர்காலத்தில், மழையில், சேற்றில். லிவர்பூல் பக்கத்தில் ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனலில் கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் ஓட்டம், முப்பது தாண்டல். விழுந்து எழுவதும் இந்த வேலையில் சம்பளத்தோடு சேர்த்திதான். பிரான்சிஸுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு எத்தனை தடவை முறிந்ததென்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகையால் சொல்லவில்லை.

நடுவில் யுத்தம் வந்து ஆண்டுகளைத் தின்றது. விமானப்படையில் முதலில் மெக்கானிக், பிறகு விமானி. திரும்பி வந்து 1946-இல் அமெச்சூராக, 1948-இல் தொழில்முறை ஜாக்கியாக ஓட்டத் தொடங்கினார். 1953-54 சீசனில் 76 வெற்றிகள். அந்த வருஷத்துச் சாம்பியன் ஜாக்கி அவர்தான். ராணி எலிசபெத்தின் தாயார் வைத்திருந்த பந்தயக் குதிரைகளை ஓட்டும் வேலையும் கிடைத்தது. ஜாக்கியாகப் பிறந்தவனுக்கு இதற்கு மேல் ஒன்று பாக்கி என்றால் கிராண்ட் நேஷனல்.

1956 மார்ச் 24. குதிரையின் பெயர் டெவன் லாக். சொந்தக்காரரான ராஜமாதாவும் மகள்களும் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது தடையும் தாண்டியாயிற்று. பின்னால் வந்த ஈ.எஸ்.பி. என்ற குதிரை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இல்லை. எல்லைக்கோட்டுக்குச் சுமார் ஐம்பது கெஜம் இருக்கும்போது டெவன் லாக் திடீரென்று முன்னங்கால்களைத் தூக்கியது, அங்கே இல்லாத ஒரு தடையைத் தாண்டப்போவது மாதிரி. மறுகணம் கால்கள் பரப்பிக்கொள்ள வயிறு தரையில் அறைந்து விழுந்தது. எழுந்தும்விட்டது, அடி பெரிதாக இல்லை. ஆனால் அதற்குள் ஈ.எஸ்.பி. கடந்து போயாயிற்று.

தசைப்பிடிப்பு என்றார்கள். பக்கத்திலிருந்த தண்ணீர்த் தாண்டலின் நிழலைத் தடையென்று குதிரை நினைத்துவிட்டது என்றார்கள். வயிற்றுவாரை இறுக்கிக் கட்டியதுதான் காரணம் என்றும் ஒரு கட்சி. பிரான்சிஸ் கடைசிவரை சொன்னது ஒன்றே: கூட்டத்தின் சத்தம். ராஜகுடும்பத்துக் குதிரை ஜெயிக்கிறது என்றதும் எழுந்த ஆரவாரம் அது வரை எந்தக் குதிரையும் கேட்டிராத அளவுக்கு இருந்தது, காதை விறைத்துக்கொண்டு ஓடிவந்த மிருகம் அதில் மிரண்டுவிட்டது என்பது அவர் கட்சி. நான் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நிபுணத்துவம் ஏதும் இல்லாத எனக்கு, சேணத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்வதை நம்பத்தான் தோன்றுகிறது. ராஜமாதா, பந்தயமென்றால் இப்படித்தான் என்கிற தோரணையில் எடுத்துக்கொண்டாராம். அந்தப் பக்குவம் குதிரைக்குச் சொந்தக்காரருக்கு வரலாம். ஓட்டியவனுக்கு எங்கே வரும்?

அடுத்த ஜனவரியில் நியூபரி மைதானத்தில் இன்னொரு விழல். இந்தத் தடவை அரண்மனைக்கு நெருங்கிய அபர்கவென்னி பிரபு கூப்பிட்டுப் பேசினார்: உச்சியில் இருக்கும்போதே இறங்கிவிடு. முப்பத்தாறு வயது. தெரிந்தது ஒரே ஒரு தொழில். அதிலிருந்து மரியாதையாக வெளியே அனுப்பப்பட்டார்.

அதே 1957-இல் சுயசரிதை வந்தது. ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லவேண்டும்: டெவன் லாக் ஜெயித்திருந்தால் பிரான்சிஸ் பெயர் கிராண்ட் நேஷனல் ஜெயித்தவர்கள் பட்டியலில் ஒரு வரி. தோற்றதால்தான் இங்கிலாந்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆளானார், புத்தகம் எழுதச் சொல்லி ஆள் வந்தது. அது நடக்காமல் இருந்திருந்தால் எழுதியே இருக்கமாட்டேனோ என்னவோ என்று அவரே சொல்லியிருக்கிறார். சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை பந்தயச் செய்தியாளர் வேலை கொடுத்தது. பதினாறு வருஷம் அங்கேயே இருந்தார். அவருடைய நடை அங்கே உருவானது என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் இடம் கொஞ்சம். குதிரை எப்படி ஓடியது, தரை எப்படி இருந்தது, ஜாக்கி எங்கே தவறினான் என்பதை நாலு வரியில் சொல்லவேண்டும். நாவல்களிலும் அந்தச் சிக்கனம் அப்படியே இருக்கிறது. அநாவசியமாக ஒரு வர்ணனை கிடையாது.

குதிரையைப் பற்றியும் கிடையாது. இதுதான் அவரிடம் எனக்கு அதிகம் பிடித்தது. வாழ்நாள் முழுக்கக் குதிரையோடு இருந்த மனிதர், பிடரி காற்றில் பறந்தது, கண்கள் சுடர்விட்டன என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? எழுதமாட்டார். தடைக்கு மூன்று தப்படி முன்னால் குதிரையின் நடையைச் சுருக்கிக்கொடுப்பதா, நீட்டிக்கொடுப்பதா என்று ஜாக்கி எடுக்கும் முடிவு இருக்கும். எடை பார்க்கும் அறையில் சேணத்தோடு தராசில் ஏறும்போது அவன் வயிற்றில் காலையிலிருந்து ஒன்றும் இல்லை என்பது இருக்கும். விடிவதற்கு முன் லாயத்தில் வைக்கோல் மாற்றுகிற பையனுக்கு என்ன சம்பளம், ட்ரெய்னர் எந்தக் குதிரைச் சொந்தக்காரரிடம் போனில் எப்படிக் குழைகிறார், யாருடைய காசோலை திரும்பி வந்தது, எல்லாம் இருக்கும். குதிரை அவர் கதைகளில் வேலை செய்கிற உயிர், அதைச் சுற்றி வேலை செய்கிற மனிதர்கள். வில்லன் என்பவன் பெரும்பாலும் குதிரையைப் பணமாக மட்டும் பார்க்கிறவன். 'கம் டு க்ரீஃப்' நாவலில் குதிரைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயும் அவர் குரலை உயர்த்தவில்லை.

நம் வீடுகளில் 'ரேஸ்' என்றாலே வேறு அர்த்தம். ரேஸுக்குப் போகிறவன் என்றால் பெண்டாட்டியின் வளையலை அடகு வைத்தவன், குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவன். தமிழ்நாட்டில் அரசு பந்தயத்தைச் சூதாட்டமாகக் கருதித் தடைச்சட்டமே கொண்டுவந்தது. அது திறமை சம்பந்தப்பட்ட விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் லெண்டிங் லைப்ரரிகளில் பிரான்சிஸ் எப்போதும் வெளியே போயிருப்பார். ஷெல்ஃபில் இருந்தால் அதிர்ஷ்டம். முதுகு கிழிந்து, டேப் ஒட்டி, முதல் பக்கத்தில் முத்திரை மேல் முத்திரை. ஸ்டீபிள்சேஸ் எப்படி இருக்குமென்றே தெரியாமல் நாங்கள் படித்தோம். ஒரு விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது: அந்த நாவல்களில் கதாநாயகன் பந்தயம் கட்டுவதே அரிது. ஜாக்கிகள் பணம் கட்டக்கூடாது என்பது அவர்கள் தொழில் விதி. நாங்கள் மைதானத்தின் வெளிப்பக்கத்திலிருந்து, தோற்ற சீட்டுகளைக் கிழித்துப்போடுகிறவர்களின் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்துப் பழகியதை, அவர் உள்பக்கமிருந்து காட்டினார்.

இனி மேரி. இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

1945-இல் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து 1947-இல் மணந்துகொண்டார்கள். மேரி பட்டதாரி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தவர். குதிரையில் அவருக்குத் தனியாக ஆர்வம் ஏதும் இருந்ததில்லை. 1949-இல் முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது போலியோ தாக்கியது. தானாக மூச்சுவிட முடியாமல் இரும்பு நுரையீரல் என்கிற இயந்திரத்துக்குள் கிடந்தார். பிழைத்து வந்தார். பிற்பாடு 1968-இல் வந்த 'ஃபோர்ஃபீட்' நாவலில் பந்தயச் செய்தியாளன் ஒருவனின் மனைவி போலியோவால் படுக்கையில், சுவாச இயந்திரத்தின் தயவில் இருக்கிறாள். மின்சாரம் போனால் அவ்வளவுதான். வில்லனுக்கு வேறு என்ன ஆயுதம் வேண்டும்? அந்த அறையின் ஒவ்வொரு நிமிஷத்தையும் கற்பனை செய்து எழுதியவர்கள் இல்லை அவர்கள், இருந்து பார்த்தவர்கள். அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் 1970-இல் அதற்குச் சிறந்த நாவலுக்கான எட்கர் விருது கொடுத்தது. இதே விருது பிரான்சிஸுக்கு மூன்று தடவை கிடைத்தது.

வெறும் லாயத்தையும் மைதானத்தையும் வைத்து எத்தனை கதை எழுத முடியும்? நாலாவதிலேயே தீர்ந்துபோகும். பிரான்சிஸ் தம்பதி கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு நாவலுக்கும் கதாநாயகனுக்கு வேறொரு தொழில். ஒருவன் விமானி, ஒருவன் ஒயின் வியாபாரி, ஒருவன் வங்கிக்காரன், ஒருவன் கண்ணாடி ஊதுகிறவன். அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பு மேரிக்கு. 1966-இல் வந்த 'ஃப்ளையிங் ஃபினிஷ்' நாவலுக்காக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒரு கதைக்கு வேண்டிய தகவலைப் பொறுக்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். இவர் லைசென்ஸ் வாங்கி, வாடகை விமான கம்பெனி நடத்தி, புதிதாகக் கற்பவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகமும் எழுதினார். 'ரிஃப்ளெக்ஸ்' நாவலில் ஜாக்கிக்குப் புகைப்படம் உபதொழில்; அதற்காக இருட்டறை வேலை பழகினார். ஓவியன் வரும் கதைக்குத் தூரிகை பிடித்தார். நோஞ்சான் நுரையீரலை வைத்துக்கொண்டு இத்தனையும்.

கணவர் ஜனவரி முதல் தேதி நோட்டுப்புத்தகத்தைத் திறந்து உட்காருவார், கையெழுத்தில். முதல் அத்தியாயம் முதல் வரியிலிருந்து வரிசையாக. திருத்தி எழுதும் இரண்டாம் பிரதி என்பது அவரிடம் கிடையாது. மே மாதம் பதிப்பாளர் கைக்குப் போய், இலையுதிர் காலத்தில் புத்தகம் கடைக்கு வரும். முதல் பிரதிகளில் ஒன்று ராஜமாதாவுக்குப் போகும். அறுபதுகளின் நடுவிலிருந்து 2000 வரை ஏறக்குறைய ஆண்டு தவறாமல் இது நடந்தது. பந்தய சீசனுக்குக் குதிரையைத் தயார் செய்கிற ட்ரெய்னரின் காலண்டர் இது, எழுத்தாளனுடையது மாதிரித் தெரியவில்லை.

1999-இல் கிரஹாம் லார்ட் என்ற பத்திரிகையாளர் பிரான்சிஸின் வாழ்க்கை வரலாற்றை, அவர் சம்மதமில்லாமல், எழுதி வெளியிட்டார். நாவல்களை உண்மையில் எழுதியது மேரிதான் என்பது அவர் வாதம். பதினைந்து வயதில் பள்ளியை விட்ட ஜாக்கி இப்படி எழுத முடியுமா என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது. அந்தக் கேள்வியில் எனக்கு மரியாதை இல்லை. எழுத்துக்கும் பட்டத்துக்கும் அப்படியொரு கணக்குக் கிடையாது. தடைக்கு முன்னால் அந்த மூன்று தப்படியை மேரியால் எழுதியிருக்க முடியாது. அதே நேரம் மேரி வெறும் உதவியாளர் என்று சொல்வதும் பொய். டிக் பிரான்சிஸ் என்பது நாங்கள் இருவரும் சேர்ந்த பெயர் என்கிற அர்த்தத்தில் பிரான்சிஸே பின்னால் பேசியிருக்கிறார். அப்படியானால் அட்டையில் ஏன் ஒரு பெயர்? ஜாக்கியின் பெயர் விற்கும். ராஜமாதாவின் ஜாக்கி, டெவன் லாக் ஜாக்கி. பதிப்புத் தொழில் நம்பகத்தன்மை என்று சொல்லிக்கொள்வது பாதி நேரம் இதைத்தான். மேரி அதற்குச் சம்மதித்தே இருந்தார் என்பது என் எரிச்சலைக் குறைக்கவில்லை.

குதிரைப் பிரியத்தைப் புத்தகமாக்கியவர்களில் பிரான்சிஸ் ஒரு விதிவிலக்கு என்றும் படுகிறது. மற்றவர்கள் பெரும்பாலும் குதிரை கிடைக்காத ஏக்கத்தில், அல்லது தூரத்திலிருந்து பார்த்த மயக்கத்தில் எழுதினார்கள். வால்டர் ஃபார்லி நியூயார்க்கில் பள்ளிக்கூடம் போகிற வயதில், ஒரு கறுப்புக் குதிரையைக் கற்பனை செய்து எழுத ஆரம்பித்தார். கல்லூரியில் இருக்கும்போதே, 1941-இல், அது புத்தகமாகிவிட்டது. மார்கரீட் ஹென்றி சிறுவயதில் வாத ஜுரத்தால் வருஷக்கணக்கில் வீட்டோடு கிடந்து புத்தகம் தின்ற குழந்தை. வளர்ந்து, வர்ஜீனியாவின் சிங்கோட்டீக் தீவில் ஒரு மட்டக்குதிரைக் குட்டியைப் பார்த்து, விலைக்கு வாங்கி, அதன் கதையை 1947-இல் வெளியிட்டார். பதினாலு வயதில் கணுக்காலில் பட்ட அடியால் அதற்கப்புறம் சரியாக நடக்கவே முடியாத அன்னா ஸ்யூவல், வண்டிக் குதிரையைத் தன் காலாக வைத்திருந்தவர். தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று பணக்காரர்கள் குதிரைக்கு மாட்டிய வாரின் கொடுமையைக் குதிரையின் வாயாலேயே சொல்லவைத்த அவருடைய ஒரே நாவல் 1877-இல் வந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார். வேலை செய்யும் குதிரையைப் பார்த்த கண் என்பதால் பிரான்சிஸுக்கு ஸ்யூவல்தான் கிட்டத்து உறவு. பிரான்சிஸோ குதிரை வேண்டிய மட்டும் கிடைத்து, பிறகு இழந்தவர். இழந்ததை ஒவ்வொரு ஜனவரியும் உட்கார்ந்து கணக்கெடுத்தார்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கதாநாயகர்கள் பெயரும் தொழிலும் மாறினாலும் ஒரே ஆள்தான்: அமைதியானவன், வலி தாங்குகிறவன், அப்பாவோடு ஏதோ ஒரு மனக்கசப்பு. இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் படித்தால் அடி வாங்கும் காட்சி எந்தப் பக்கத்தில் வருமென்று யூகித்துவிடலாம். தொண்ணூறுகளில் சில புத்தகங்கள் தகவலின் கனத்தில் தள்ளாடுகின்றன. மேரி 2000-இல் இறந்த பிறகு ஆறு வருஷம் புத்தகமே இல்லை. பிறகு பௌதிக ஆசிரியராக இருந்த இளைய மகன் ஃபீலிக்ஸ் சேர்ந்துகொள்ள, மறுபடி தொடங்கி, 2010 பிப்ரவரியில் கேமன் தீவில் தந்தை இறக்கும்வரை நடந்தது. அதற்கப்புறமும் ஃபீலிக்ஸ் எழுதிய நாவலின் தலைப்பிலேயே அப்பா பெயரை ஒட்டவைத்து விற்றார்கள். அட்டையில் மேரி மட்டும் கடைசிவரை வரவில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு: 1965-இன் 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட்', உடனே 1979-இன் 'விப் ஹேண்ட்'. இரண்டிலும் சிட் ஹாலி வருகிறான், ஒரு கை சிதைந்துபோனதால் இனி பந்தயத்தில் ஓட்டவே முடியாத முன்னாள் சாம்பியன் ஜாக்கி, இப்போது துப்பறிகிறவன். வரிசை மாற்றிப் படிக்காதீர்கள், முதலாவதின் முடிவு பாழாகும். இரண்டாவதில் வில்லன் துப்பாக்கியைக் காட்டி, மிச்சமிருக்கும் கையும் போய்விடும் என்று மிரட்டுகிறான். ஹாலிக்கு வருகிற பயம் வீரன் ஒளித்துவைக்கிற பயமாக இருக்காது. நிஜமாகவே நடுங்கிப்போய், செய்யக்கூடாததைச் செய்துவிட்டு, தன் முகத்தைத் தானே பார்க்க முடியாமல் திரிகிற பயம். மர்மக் கதைகளில் நான் படித்தவற்றில் அதற்கு ஈடாக வேறு எழுத்தைச் சொல்லத் தெரியவில்லை.